மயிலை விரட்ட விஷமும் வெடியும் இல்லாத வழி வேண்டும்
சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு அருகில் எங்கள் ஊர். மார்கழியில் கடலை விதைத்ததிலிருந்து விடியற்காலையும் சாயங்காலமும் மயில்கள் இறங்கி, சால் சாலாகக் கிளறிப் பருப்பைத் தின்றுவிட்டுச் சிவப்புத் தோலை மட்டும் விட்டுப்போகின்றன. மின்னுகிற ரிப்பன் கட்டினோம், கொஞ்ச நாள் பயந்தன, அப்புறம் அதன் அடியிலேயே மேய்கின்றன. நைலான் வலையில் ஒரு பெட்டையின் கால் சிக்கியதால் அவிழ்த்துவிட்டோம். நாரைகளுக்காகத் தீபாவளிக்கே வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி பக்கத்தில் இருப்பதால் வெடிக்கு வழியில்லை. சனிக்கிழமைகளில் நான் பறவை பார்க்கக் கூட்டிப்போகும் பிள்ளைகளின் அப்பாக்களே இப்போது மயிலுக்குக் குருணை மருந்து (குருணையாக வரும் பூச்சிக்கொல்லி விஷம்) வைப்பது பற்றிப் பேசுகிறார்கள். மயிலைக் கொல்லக் கூடாதென்கிற 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னால், 'கடலைக்கு யார் காசு தருவா?' என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். மறுபடி விதை ஊன்றப் போகிறோம். முளை வெளியே வரும்வரை மயிலை அண்டவிடாமல் வைக்க உங்கள் ஊரில் எது பலித்தது?