ரிட்டர்ன் பம்ப்பின் வேகம் குறைந்துவிட்டது: பெரிய பம்ப் வாங்குவதுதான் வழியா?

கேள்வி (பாயா தெருபோங், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். அடுக்குமாடி வீட்டின் 14ஆம் மாடியில் மூன்று ஆண்டுகளாக ஒரு கடல்நீர்த் தொட்டியைப் பராமரித்து வருகிறேன். நீளம் 120 செ.மீ., அகலமும் உயரமும் 50 செ.மீ.; கீழே அலமாரிக்குள் சம்ப் (தொட்டியிலிருந்து வழிந்திறங்கும் தண்ணீரைத் தேக்கும் சிறு தொட்டி) உள்ளது. இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் டாங் மீனும் சில மென்பவளங்களும் இருக்கின்றன. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பின் பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்றும், அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்றும் அச்சிடப்பட்டுள்ளது. பம்ப்பிலிருந்து கிளம்பும் தண்ணீர் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குள் புகுந்து, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வைக் கடந்து, ஏறக்குறைய 1.4 மீட்டர் மேலேறித் தொட்டியில் விழுகிறது.

கடந்த இரண்டு மாதங்களில் இந்த ஓட்டம் சிறிது சிறிதாகக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் தொட்டியின் மேற்பரப்பு முழுவதும் அலையாடும். இப்போது ஒரு மூலையில் எண்ணெய் படர்ந்தாற்போல் ஏடு கட்டுகிறது. சில்லரை 26 பாகையில் வைத்திருந்தும், இரவில்கூட வெப்பம் 28க்குக் கீழே இறங்குவதில்லை; கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கழற்றித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையின் நீர்மட்டமும் சரியாகத்தான் இருக்கிறது. மணிக்கு 5,000 லிட்டர் பம்ப் ஒன்றை வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறேன். வாங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் (பட்டர்வொர்த்)

தம்பி, பணத்தைச் செலவழிப்பதற்கு முன் ஒரு வாளியையும் கைப்பேசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் விழும் குழாய் முனையை வாளிக்குள் திருப்பி, 10 லிட்டர் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000ஐ அந்த வினாடிகளால் வகுத்தால், மணிக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து "குறைந்துவிட்டது" என்று சொல்வதை வைத்துக்கொண்டு எந்தப் பழுதையும் கண்டுபிடிக்க முடியாது.

பெட்டியில் உள்ள எண்களையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 3,000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாயே மாட்டாமல் அளந்த கணக்கு. 3 மீட்டர் என்பது தண்ணீர் அதுவரை ஏறி, ஒரு சொட்டுக்கூட வெளியே விழாமல் நின்றுவிடும் உயரம். உங்கள் 1.4 மீட்டர் உயரத்தில், புதிய பம்ப்பே பாதியைவிடச் சற்று அதிகமாகத்தான் கொடுக்கும். சில்லரும் வளைவுகளும் அதிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 1,300, 1,400 வந்தால் உங்கள் பம்ப் நலமாக இருக்கிறது என்று பொருள்.

இம்பெல்லரைத் தேய்த்ததாகச் சொன்னீர்கள். அது உட்கார்ந்து சுழலும் குழியைத் தேய்த்தீர்களா? கடல்நீரில் உள்ள சுண்ணாம்பு அந்தக் குழியின் சுவரில்தான் முதலில் படியும், ஏனென்றால் மோட்டாரின் சூடு அங்கேதான் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திப் பம்ப்பை வெளியே எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். சுண்ணாம்பு இருந்தால் நுரை பொங்கும். அதனுடன் குளோரின் கலந்த எதையும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பீங்கான் அச்சில் விரிசல் இருக்கிறதா, காந்தம் எங்காவது உப்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பதில் (செந்தூல், கோலாலம்பூர்)

பம்ப் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பம்ப்பை மின்னழுத்தம் குறைக்கும் கருவியுடன் இணைத்து ஓராண்டு ஓட்டினேன். என்றைக்குமே அது சொன்ன அளவைக் கொடுத்ததில்லை. அந்தக் கருவி வோல்ட்டை மாற்றுமே தவிர, ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான பம்ப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். தூக்கும் உயரமோ அதைவிட அதிகமாக, ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகக் குறைந்துவிடும். உங்கள் தொட்டி முன்பு நன்றாக ஓடியதாகச் சொல்வதால் காரணம் இதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் லேபிளைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. லேபிளில் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றே உள்ளது. அமிலத்தில் ஊறவைப்பதற்கு முன் 10 லிட்டருக்கு 48 வினாடிகள் ஆயின, அதாவது மணிக்கு 750 லிட்டர். ஊறவைத்தபோது நன்றாக நுரைத்தது. குழிக்குள்ளிருந்து ஓடுபோல் பெயர்ந்து வந்த சுண்ணாம்பைப் பார்த்து, பம்ப் சரியாகிவிடும் என்று மகிழ்ந்தேன். ஆனால் மீண்டும் அளந்தபோது 40 வினாடிகள், 900 லிட்டர் மட்டுமே. அச்சும் காந்தமும் நன்றாக உள்ளன. இனி பெரிய பம்ப்தானா?

பதில் (பட்டர்வொர்த்)

இல்லை, தம்பி. அடைப்பின் ஒரு பகுதி பம்ப்பில் இருந்தது, அது போய்விட்டது. மீதி குழாயில் இருக்கிறது. அடைப்பு இருக்கும் குழாயில் பெரிய பம்ப்பை மாட்டினால் மின்கட்டணம் கூடும், தண்ணீருக்குச் சூடும் கூடும், அந்தச் சூட்டைச் சில்லர் மறுபடியும் இறக்க வேண்டும். பிறகு ஒருநாள் அடைப்பு விலகினால், உங்கள் ஓவர்ஃப்ளோ குழாய் அவ்வளவு தண்ணீரைக் கீழே இறக்குமா என்ற கவலையும் வந்து சேரும்.

சில்லரை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஓடாமல் கம்ப்ரசர் ஓடக்கூடாது. பிறகு சில்லரின் உள்வழி, வெளிவழி இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, அவற்றை நேராக ஒன்றோடொன்று இணைத்து, வாளியால் அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குற்றவாளி சில்லர். இல்லையென்றால் செக் வால்வைத் திறந்து பாருங்கள். சம்ப்பில் துகள்களைப் பிடிக்கும் ஃபில்டர் பை போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

சில்லரைத் தவிர்த்து அளந்தபோது 29 வினாடிகள், ஏறக்குறைய 1,240 லிட்டர். ஃபில்டர் பையைத் துவைக்க நேரமில்லாமல் ஆறு மாதங்களுக்கு முன் எடுத்துவிட்டேன். அதன் விளைவு இப்போது கண்முன் தெரிகிறது. சிறிய பம்ப் ஒன்றால் வாளியிலிருந்து சிட்ரிக் அமிலக் கரைசலைச் சில்லருக்குள் ஒரு மணி நேரம் சுற்றவிட்டேன். பழுப்பு நிறச் சேறும், நகக்கண் அளவுக்கு மங்கிய மஞ்சள் கடற்பஞ்சுத் துண்டுகளும் வந்துகொண்டே இருந்தன. பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசினேன்.

செக் வால்வையும் திறந்தேன். அதன் மூடியின் கீலைச் சுற்றிக் கடுகளவு வெள்ளைச் சுருள்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டினால் மணல்போல் உதிர்ந்தன. மூடி பாதி திறந்த நிலையிலேயே இறுகிப்போய், முழுதாகத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

பதில் (பட்டர்வொர்த்)

அவை குழாய்ப்புழுக்களின் ஓடுகள். கடற்பஞ்சைப்போலவே அவற்றுக்கும் வெளிச்சம் வேண்டாம், ஓடும் தண்ணீரில் உணவுத் துகள் இருந்தால் போதும். நீங்கள் பையை எடுத்ததும் அவற்றுக்கு அந்த உணவு தாராளமாகக் கிடைத்திருக்கிறது.

எனக்கு ஓட்டத்தைவிட அந்த மூடி மூடாமல் இருந்ததுதான் பெரிய கவலை. மின்சாரம் நின்றால், குழாய் முனை நீருக்கு வெளியே வரும்வரை உங்கள் தொட்டித் தண்ணீர் அந்த வழியாகவே சம்ப்புக்கு இறங்கும். 120க்கு 50 என்ற உங்கள் மேற்பரப்பில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 6 லிட்டர். குழாய் முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 30 லிட்டர் கீழே வரும். ஓவர்ஃப்ளோவில் உள்ளதும் அதனுடன் சேரும். செக் வால்வை நம்பி யாரும் தூங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழாய் முனையை மேற்பரப்புக்கு 1 செ.மீ. கீழே உயர்த்தி வையுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பம்ப்பை நிறுத்தி, சம்ப் எதுவரை நிறைகிறது என்று பார்த்து, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். கீழே 13ஆம் மாடியிலும் ஒரு குடும்பம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முனை 4 செ.மீ. ஆழத்தில் இருந்தது, அதை உயர்த்திய பின், பம்ப்பை நிறுத்தினால் சம்ப்பின் விளிம்புக்கு 7 செ.மீ. கீழேயே தண்ணீர் நின்றுவிடுகிறது. செக் வால்வை எடுத்துவிட்டேன். சில்லரை மீண்டும் இணைத்து அளந்ததில் 10 லிட்டருக்கு 27 வினாடிகள், மணிக்கு 1,330 லிட்டர். மேற்பரப்பில் ஏடு இல்லை. நேற்று மாலை 26 பாகைக்கு இறங்கியதும் கம்ப்ரசர் தானாக நின்றது. ஃபில்டர் பைகள் நான்கு வாங்கியிருக்கிறேன். நான்கு நாளுக்கு ஒன்றாக மாற்றப்போகிறேன்.