அரை வட்டி, மூணு வட்டி: அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் நம்மவர்களின் கடன் அனுபவங்கள்

கில்லீன்வாசி:

போன வாரம் என் யூனிட்டுக்கு ஒரு தம்பி புதிதாக வந்தான். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். சேர்வதற்கு முன்னால் வாங்கிய கிரெடிட் கார்டு கடனுக்கு இன்னும் 24 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த வட்டியைச் சட்டப்படி குறைக்கலாம் என்று ஒரு வருஷமாகியும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நமக்குள் இதைப் பேசி வைப்போம் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நான் மேவ்னி திட்டத்தில் சேர்ந்தவன். குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. எம்.எஸ். படிக்க வந்த எனக்கு ராணுவ வழி திறந்தது அதனால்தான். சேர்ந்தபோது என் தலையில் மூன்று கடன். ஒரு பழைய கார் கடன், கார்டில் 6,400 டாலர், ஊரில் அப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய படிப்புக் கடன். கார்டு வட்டி 22.99 சதவீதம். மாதம் 120 டாலருக்கு மேல் வட்டிக்கே போகும். அசல் நகரவே நகராது.

பேஸிக் ட்ரெய்னிங்கில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் இரண்டு தவணை தவறியிருக்கிறது. முதல் யூனிட்டுக்கு வந்து பெயர் பதியும்போது ஒரு சார்ஜன்ட் கேட்டார்: "சேர்வதற்கு முன்னால் வாங்கிய கடன் ஏதாவது இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். அன்றைக்கே பேஸ் (ராணுவ முகாம்) லீகல் அசிஸ்டன்ஸ் ஆஃபீசுக்கு, அதாவது சட்ட உதவி அலுவலகத்துக்கு அனுப்பினார். வக்கீல் ஃபீஸ் ஒரு பைசா கிடையாது.

அங்கேதான் எஸ்.சி.ஆர்.ஏ. (சர்வீஸ்மெம்பர்ஸ் சிவில் ரிலீஃப் ஆக்ட்) என்ற பெயரையே முதல்முதலாகக் கேட்டேன். 2003 டிசம்பரில் வந்த சட்டம். அதற்கு முந்தைய வடிவம் 1940இல் வந்தது, அதற்கும் முன்னால் 1918இல், முதல் உலகப் போர் நேரத்தில் ஒன்று. பணிக்கு வருவதற்கு முன்னால் வாங்கிய கடனுக்கு, பணியில் இருக்கும் காலம் முழுக்க 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. நம்மூர்க் கணக்கில் அரை வட்டி. வீட்டுக் கடனாக இருந்தால் பணி முடிந்து இன்னும் ஒரு வருஷத்துக்கும் அதே அரை வட்டிதான்.

கார்டு கம்பெனிக்கு போன் செய்தேன். எதிர்முனையில் பேசியவர், "நீங்கள் வெளிநாட்டுப் போர்முனையில் இல்லையே, உங்களுக்கு இது பொருந்தாது" என்றார். நானும் நம்பி வைத்துவிட்டேன். மறுநாள் லீகல் ஆஃபீஸ் கேப்டனிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆக்டிவ் ட்யூட்டியில், அதாவது முழுநேர ராணுவப் பணியில் இருந்தாலே போதும், போர்முனைக்குப் போக வேண்டியதில்லை. கஷ்டப்படுகிறேன் என்று நான் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இவனால் கட்ட முடியும் என்று கடன் கொடுத்தவர் நினைத்தால், அவர்தான் கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க வேண்டும். கேப்டன் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு என்னைப் பணிக்கு அழைத்த ஆர்டரின் நகலை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. வட்டி 6 சதவீதம். அதோடு, நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து அதிகமாக வாங்கிய ஐந்து மாத வட்டி, கிட்டத்தட்ட 450 டாலர், கணக்கில் திரும்ப வந்திருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த அதிக வட்டி தள்ளிவைப்பு அல்ல, தள்ளுபடி. பணி முடிந்த பிறகு சேர்த்து வைத்துக் கேட்க முடியாது. மாதத் தவணையும் அந்த அளவுக்குக் குறைந்தே ஆக வேண்டும். சலுகை கேட்டதற்காக உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் கை வைக்கவும் முடியாது.

ஊர் வங்கிக் கடனுக்கு மட்டும் இந்தச் சட்டம் எட்டாது. இது அமெரிக்க எல்லைக்குள் செல்லும் சட்டம். அங்கே 12.5 சதவீதம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கார்டில் மிச்சமான 90 டாலரை மாதாமாதம் அப்பாவுக்கு அனுப்பினேன். ரூபாயில் மாற்றினால் அந்தத் தவணையில் பாதி அடைபட்டது.

நார்ஃபோக் அக்கா:

என் வீட்டுக்காரர் கடற்படையில் இருக்கிறார். எங்களுக்கு நடந்தது வாடகை வீட்டு விவகாரம், கடன் இல்லை. ஆனால் அதுவும் இதே சட்டம்தான். நார்ஃபோக்கிலிருந்து சான் டியேகோவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது, லீஸ் முடிய ஏழு மாதம் பாக்கி. அபார்ட்மென்ட் ஆஃபீஸில் இரண்டு மாத வாடகை அபராதம் கட்டினால்தான் விடுவோம் என்றார்கள். அவர் அப்போது கப்பலில். கையில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு நான் அந்த ஆஃபீஸில் நின்று அழுதிருக்கிறேன்.

மாற்றல் ஆர்டர் வந்தாலோ, 90 நாளுக்குக் குறையாத டெப்ளாய்மென்ட் (பணிக்காக வேறிடத்துக்கு அனுப்புவது) என்றாலோ, லீஸை அபராதமில்லாமல் முடித்துக்கொள்ளலாம். எழுத்தில் நோட்டீஸ், ஆர்டர் நகல், இரண்டும் கொடுக்க வேண்டும். அதற்கடுத்து எந்தத் தேதியில் வாடகை வருகிறதோ, அதிலிருந்து 30 நாளில் லீஸ் முடியும். நான் மார்ச் 12இல் கொடுத்தேன், அடுத்த வாடகை ஏப்ரல் 1, மே 1இல் முடிந்தது.

அவர்கள் விடவில்லை. லீஸின் பதினெட்டாம் பக்கத்தைக் காட்டி, "இந்த உரிமை வேண்டாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. லீகல் ஆஃபீஸில் பார்த்துவிட்டு, இது செல்லாது என்றார்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதென்றால் லீஸுக்குள் ஒரு வரியாக நுழைக்கக் கூடாது. தனிப் பத்திரமாக, கண்ணுக்குத் தெரிகிற பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அப்படித் தனியாக ஒரு காகிதம் நீட்டினால், தயவுசெய்து வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது செல்லும்.

சான் ஆன்டோனியோ சார்ஜன்ட்:

அண்ணா அரை வட்டி சொன்னார், நான் பதினாறு வட்டி கட்டினவன்.

2014. எனக்கு 21 வயசு. அம்மாவுக்கு ஊரில் அவசர ஆபரேஷன், உடனே டிக்கெட் எடுக்கணும். பேஸ் வாசலைத் தாண்டினாலே வரிசையாக் கடன் கடைங்க. கார் டைட்டிலை, அதாவது கார் என்னுதுங்கிற பத்திரத்தைக் கொடுத்து 1,500 டாலர் வாங்கினேன். டைட்டில் லோன்னு பேரு. மாதம் 290 டாலர், பன்னிரண்டு மாதம். மொத்தம் 3,480 கட்டினேன். ஒரு மாதம் தவறினாலும் காரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். கடன் தலைக்கு மேல போனா செக்யூரிட்டி கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைக் கையாளுற அனுமதி) போயிடும்னு இன்னொரு பயம். அதனால யாரிடமும் சொல்லலை.

அப்பவே சட்டம் இருந்தது. பணியில் இருக்கும்போது வாங்குற கடனுக்கு எம்.எல்.ஏ. (மிலிட்டரி லெண்டிங் ஆக்ட்) என்ற வேற சட்டம். 2006இல் நிறைவேறி 2007 அக்டோபரில் அமலுக்கு வந்தது. வருஷத்துக்கு 36 சதவீதம்தான் உச்சம். கணக்குப் போட்டா சரியா மூணு வட்டி. ஆனா அன்னிக்கு விதியில ஓட்டை இருந்தது. பேடே லோன்னா (அடுத்த சம்பளத்தை நம்பித் தர்ற குறுகிய காலக் கடன்) 2,000 டாலருக்குள்ள, 91 நாளுக்குள்ள இருந்தாத்தான் செல்லும். டைட்டில் லோன்னா 181 நாளுக்குள்ள. அதைத் தெரிஞ்சேதான் எனக்கு ஒரு வருஷத் தவணை போட்டுக் கொடுத்தாங்க. இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

2015இல் விதியை மாத்தி, 2016 அக்டோபர் 3லிருந்து அந்த ஓட்டையை அடைச்சாங்க. அடுத்த வருஷம் கிரெடிட் கார்டும் உள்ளே வந்தது. மனைவி பிள்ளைகளுக்கும் பொருந்தும். வீடு வாங்குற கடனும், கார் வாங்குறதுக்காக அந்தக் காரையே ஈடாக வெச்சு எடுக்குற கடனும் இதில் வராது.

2019இல் என் கீழ இருந்த ஒரு பையன் ஆன்லைன் கடனோட வந்து நின்னான். பத்திரத்தில் 34 சதவீதம்னுதான் போட்டிருந்தது. ஆனா உறுப்பினர் கட்டணம், கடன் இன்ஷூரன்ஸ் எல்லாம் தனியாப் பிடிச்சிருந்தாங்க. இந்தச் சட்டத்தில் அதையும் வட்டியோட சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும். கூட்டினா 36ஐத் தாண்டிடுச்சு. தாண்டினா கடன் பத்திரமே முதல் நாளிலிருந்து செல்லாது. நானே அவனைக் கூட்டிட்டுப் போய் லீகல் ஆஃபீஸ்ல உட்கார வெச்சேன். எனக்கு யாரும் செய்யாததை அவனுக்குச் செஞ்சதுல ஒரு நிம்மதி.

அவசரம்னா ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் இருக்கு, தம்பிகளா. 1942லிருந்து இருக்கிற அமைப்பு. வட்டியே இல்லாமத் தருவாங்க. அம்மா ஆபரேஷனுக்கு நான் அங்கேதான் போயிருக்கணும்.

மதுரை ரிசர்வ்:

நான் செய்த தவறைச் சொல்கிறேன், வேறு யாரும் செய்ய வேண்டாம். ரிசர்வில் (பகுதிநேரப் படை) இருந்து ஆக்டிவ் ட்யூட்டிக்கு அழைத்தார்கள். கையில் பழைய கார் கடன், 9.8 சதவீதம். பேஸுக்கு வந்த பிறகு ஒரு வங்கி 7.2க்கு ரீஃபைனான்ஸ் செய்து தருகிறேன், அதாவது புதுக் கடன் கொடுத்துப் பழையதை அடைத்துவிடுகிறேன் என்றது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அதோடு அது பணிக்காலத்தில் வாங்கிய புதுக் கடனாகிவிட்டது. 6 சதவீதம் போச்சு. பணிக்கு முன் தவணை கட்டத் தொடங்கிய காரைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் தூக்க முடியாது என்ற பாதுகாப்பும் போச்சு. ஒரு கடிதம் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் வட்டியை விட அதிகமாக நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கில்லீன்வாசி:

ரிசர்வ் அண்ணா, இதை எழுதினதற்கு நன்றி. எனக்கே இது தெரியாது.

கொலம்பியா மாணவி (முன்னாள்):

அரசு மாணவர் கடனுக்கு இப்போது கடன் வசூலிக்கும் நிறுவனமே பாதுகாப்புத் துறையின் பட்டியலைப் பார்த்து 6 சதவீதமாக்க வேண்டும். தனியார் கடன் என்றால் நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். என் தனியார் கடனுக்கு மூன்று முறை ஆர்டர் நகல் அனுப்பினேன். 2014இல் நீதித் துறை ஒரு பெரிய மாணவர் கடன் நிறுவனத்தோடு செய்த சமரசத்தில் கிட்டத்தட்ட 78,000 படைவீரர்களுக்கு 6 கோடி டாலர் கிடைத்தது. அத்தனை பேரிடமும் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். ஒருமுறை பதில் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

புதுசு:

என் கணவர் அடுத்த மாதம் பேஸிக் போகிறார். கார் கடன் என் பெயரில், வீட்டுச் சாமான் கடன் இரண்டு பேர் பெயரிலும். எதற்குக் கேட்கலாம்? அவர் போனில் கிடைக்க மாட்டாரே, நேரம் தவறினால்?

கில்லீன்வாசி:

தங்கச்சி, இரண்டு பேர் பெயரிலும் இருக்கும் கடனுக்குக் கேட்கலாம். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் கார் கடனுக்கு 6 சதவீதம் கிடைக்காது. நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், பணி முடிந்த பிறகும் 180 நாள் வரை எழுதிக் கேட்கலாம், கணக்கு முதல் நாளிலிருந்தே போடுவார்கள். ஆனாலும் அவர் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் பெயருக்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிடுங்கள், அவர் சார்பில் நீங்களே கடிதம் அனுப்பலாம். கடன் கணக்கு எண்களையும் ஆர்டர் நகலையும் ஒரே கவரில் போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.