ஹோவர்ட் ஹியூஸ் யாரையும் நம்பவில்லையா? (பழைய இழையிலிருந்து பிரிக்கப்பட்டது)

பழையபேப்பர்:
"பணம் சேரச் சேர மனிதன் யாரையும் நம்பமாட்டான், நம்பாதவனுக்குப் புத்தி பேதலிக்கும், ஹோவர்ட் ஹியூஸே சாட்சி" என்று கணக்குப்பிள்ளை சார் பக்கத்து இழையில் தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்குக் கைதட்டல் வேறு. ஹியூஸ் தெரியாதவர்களுக்கு: விமானம், சினிமா என்று கொடிகட்டிப் பறந்த அமெரிக்கக் கோடீஸ்வரர், கடைசிக் காலத்தில் யார் கண்ணிலும் படாமல் அறைக்குள் அடைந்து கிடந்தவர். படித்ததும் எரிச்சல்தான் வந்தது.

ராபர்ட் மேஹ்யூ என்று ஒருவர் இருந்தார், முன்னாள் எஃப்.பி.ஐ. ஆள். 1966 நவம்பரில் ஹியூஸ் லாஸ் வேகாஸுக்குப் போய் டெசர்ட் இன் ஹோட்டலின் மேல்மாடியில் அடைந்துகொண்டார். அன்றிலிருந்து 1970 வரை அவருடைய நெவாடா சொத்துகளை நடத்தியவர் இந்த மேஹ்யூதான். டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனப் பங்குகளை விற்று வந்த 546 மில்லியன் டாலர் கையில் இருந்தது. அதை வைத்து ஹோட்டல், சூதாட்ட விடுதி, நிலம் என்று வாங்கித் தள்ளினார்கள். அந்த மேஹ்யூவை ஹியூஸ் ஒருநாள்கூட நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசியதில்லை. முகமே பார்க்காத ஆளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தவரா நம்பிக்கை இல்லாதவர்?

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னதையே நீங்களும் சொல்லிவிட்டு எனக்கு மறுப்பு என்கிறீர்கள். நம்பியிருந்தால் முகத்தைக் காட்டியிருப்பார். காட்டவில்லை. அவ்வளவுதான்.

மொட்டைமாடி:
எனக்குப் பிடித்தது அந்த ஹோட்டல் கதைதான். புத்தாண்டுக்குப் பெரிய சூதாடிகள் வருகிறார்கள், மாடியைக் காலி செய்யுங்கள் என்றார்கள். ஆள் 1967-ல் ஹோட்டலையே வாங்கிவிட்டார். என் ஹவுஸ் ஓனருக்கு இதை அனுப்பியிருக்கிறேன் 😄

பழையபேப்பர்:
கணக்குப்பிள்ளை சார், முகம் காட்டாததற்குக் காரணம் மேஹ்யூ மேல் சந்தேகம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மேஹ்யூவே பின்னால் சொல்லியிருக்கிறார்: தன் கோலத்தை நேரில் பார்த்துவிட்டால், வெளியே போய்த் தனக்காகப் பேச இவரால் முடியாது என்று ஹியூஸ் நினைத்தாராம். அது வெட்கம் சார். சந்தேகம் அல்ல. தினமும் போன், மஞ்சள் தாளில் கட்டுக்கட்டாகக் குறிப்புகள். சந்தேகப்படுகிற ஆளுக்கு யாராவது இவ்வளவு எழுதுவார்களா?

கணக்குப்பிள்ளை:
எழுதுவார்கள். சந்தேகம் இருந்தால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பார்கள். தணிக்கை வேலை பார்த்த யாரையும் கேளுங்கள். அப்புறம், மேஹ்யூவின் சாட்சி மேஹ்யூவா? காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ.வுக்கும் மாஃபியாவுக்கும் நடுவில் தரகு பார்த்தவர் அவர். அவர் சொன்னால் வேதவாக்கு!

செல்வி_செவிலியர்:
இரண்டு பேரும் மேஹ்யூவை விட்டு வெளியே வாருங்கள். ஹியூஸின் தாய்க்கே பிள்ளைக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம் அதிகம். அவருக்குப் 16 வயதில் தாய் போனார், 18-ல் தந்தை போனார். கம்பெனி கைக்கு வந்தது. அவர் இறந்தபிறகு ரேமண்ட் ஃபவுலர் என்ற உளவியலாளர் ஹியூஸின் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்து, கிருமிப் பயத்தின் வேர் அந்தச் சின்ன வயதில் இருப்பதாகத்தான் சொன்னார். அப்போது ஏது கோடிகள்?

1946-ல் தானே ஓட்டிப் பார்த்த விமானம் பெவர்லி ஹில்ஸ் வீடுகள் மேல் விழுந்தது. அந்த வலிக்குப் பிறகுதான் கோடீன் என்ற வலிமருந்துப் பழக்கம் பிடித்துக்கொண்டது. 1976 ஏப்ரலில் அகபுல்கோவிலிருந்து ஹூஸ்டனுக்கு விமானத்தில் கொண்டுபோகும்போது உயிர் போனது. ஆறடிக்கு மேல் உயரம், எடை 45 கிலோகூட இல்லை. எக்ஸ்ரேயில் கைக்குள் ஒடிந்த ஊசி முனைகள். அடையாளம் உறுதிசெய்ய கைரேகை எடுக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் சம்பளம் வாங்கும் உதவியாளர்கள், டாக்டர்களும் இருந்தார்கள். "ஐயா, உங்களுக்கு உடம்பு சரியில்லை, மருத்துவமனைக்குப் போகலாம்" என்று அழுத்திச் சொல்ல ஒருவர் இல்லை. வார்டில் ஒரு ஏழை நோயாளி சாப்பிடவில்லை என்றால் நாங்கள் திட்டியாவது ஊட்டுவோம். முதலாளியை யார் திட்டுவது?

இன்னொன்று. நம்பிக்கை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? பணத்தை ஒப்படைப்பதையா, உடம்பை ஒப்படைப்பதையா? அதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

பழையபேப்பர்:
மேடம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. நோய் முதலில் வந்தது என்பதுதான் என் கட்சியும். ஆனால் முகம் விஷயத்தை விடமுடியாது, அதில்தான் சார் தப்பாகப் பிடித்துத் தொங்குகிறார்.

கணக்குப்பிள்ளை:
தொங்குவது யார்? 1972 ஜனவரியில் நடந்த தொலைபேசிப் பேட்டி ஞாபகம் இருக்கிறதா? தன் பெயரில் வந்த போலி சுயசரிதையை மறுக்க பஹாமாஸிலிருந்து ஹியூஸ் பேசினார். லாஸ் ஏஞ்சலஸில் ஏழு பத்திரிகையாளர்கள் உட்கார்ந்து குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். அங்கேயும் முகம் இல்லை! அதே பேட்டியில்தான் மேஹ்யூ தன்னைக் கொள்ளையடித்துவிட்டதாகத் திட்டினார். இதுதான் உங்கள் அகராதியில் நம்பிக்கையா?

பழையபேப்பர்:
அது 1970-ல் வேலையைவிட்டு நீக்கியதற்குப் பிறகு வந்த பேச்சு. வேலையில் இருந்தபோது வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஹியூஸ் கம்பெனி நிர்வாகி பில் கே, வக்கீல் செஸ்டர் டேவிஸ் கோஷ்டிக்கும் மேஹ்யூவுக்கும் அதிகாரச் சண்டை. அந்தரங்க உதவியாளர்கள் கே பக்கம். எந்தக் காகிதம் உள்ளே போகவேண்டும் என்பது அவர்கள் கையில். நவம்பரில் ஒரு அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, அதே மாதம் ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆளை பஹாமாஸுக்குக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே இருந்த மேஹ்யூவுக்கே தெரியாது! சந்தேகம் அவர் மண்டையில் தானாக முளைக்கவில்லை சார், ஊட்டப்பட்டது. யாரையும் நம்பாதவர் அந்த உதவியாளர்களை மட்டும் எப்படி நம்பினார்?

அப்புறம் அந்தத் திட்டுக்கு மேஹ்யூ அவதூறு வழக்குப் போட்டு 1974-ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதைச் சார் சௌகரியமாக மறந்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
மேல்முறையீட்டில் அது ரத்தானதை நீங்கள் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். போன வருடமும் இப்படித்தான், ஹியூஸின் ராட்சத விமானம் முழுக்க ஸ்ப்ரூஸ் மரம் என்று சாதித்தீர்கள். பெரும்பகுதி பிர்ச் மரம் என்று காட்டினேன். இன்றுவரை பதில் இல்லை.

பழையபேப்பர்:
வந்துவிட்டது மரம்! வாதம் தீர்ந்துபோனால் மரத்தில் ஏறிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தம்பி, இங்கே பேச்சு மனநலம் பற்றி.

கணக்குப்பிள்ளை:
யார் தம்பி? எனக்கு 58 வயது.

பழையபேப்பர்:
எனக்கு 63. தம்பிதான்.

செல்வி_செவிலியர்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
மேடம், பதில் எளிது. முகம் காட்டினாரா இல்லையா? பழையபேப்பர் ஒரே வார்த்தையில் சொல்லட்டும்.

பழையபேப்பர்:
காட்டவில்லை. காட்டாமலே சாவியைக் கொடுத்தார். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் பாதி வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறீர்கள், உங்கள் தணிக்கை அறிக்கையும் இந்த லட்சணம்தானா என்று தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
தொழிலை இழுக்காதீர்கள். நிர்வாகி கவனிக்கவும்.

மொட்டைமாடி:
நிர்வாகியும் முகம் காட்டமாட்டார் 😄

தணிகைவேல்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒருவருக்கு ஹியூஸ் சொத்தில் பங்கு எழுதிவைத்ததாக ஒரு உயில் வந்ததே, அது உண்மையா?

பழையபேப்பர்:
போலி என்று 1978-ல் லாஸ் வேகாஸ் ஜூரி தள்ளிவிட்டது. செல்லும்படியான உயில் எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. அது பெரிய கதை, தனி இழை தொடங்குகிறேன். கணக்குப்பிள்ளை சார் அந்தப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது.

கணக்குப்பிள்ளை:
வருவேன். பிர்ச் மர ஆதாரத்தையும் கையோடு கொண்டுவருகிறேன்.