ஃபிட்னஸ் பேண்டின் பட்டி கழன்றது, பூட்ட முடியாமல் போனது: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வாவிக்கரை, கல்லடி:

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், அடிக்கணக்கும் நெஞ்சுத் துடிப்பும் பார்க்கக் கையில் கட்டுகிற என் ஃபிட்னஸ் பேண்ட் மட்டக்களப்பு வாவிக்குள் போய்விட்டது. பழைய கல்லடிப் பாலத்தில் நடப்பது எனக்கு மூன்று வருசப் பழக்கம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு, 1924ஆம் ஆண்டுப் பாலத்தில் ஆறுதலாக நின்று காற்று வாங்கலாம். அன்றைக்கு ஒருவரின் தூண்டில் விறைத்து இழுபட, என்ன மீன் என்று பார்க்கக் கம்பிக்கு மேலால் எட்டினேன். கை இலேசானது போல இருந்தது. கீழே தண்ணீரில் 'களக்' என்றது. அவ்வளவுதான்.

அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சாமான் அது. அப்பாவுக்கு நெஞ்சுவருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை, "நீயாவது நடக்கத் தொடங்கு தம்பி" என்று போனில் அழுதழுது சொல்லிப்போட்டு அனுப்பினவ. காசை விட அதுதான் மனதைப் போட்டு வாட்டுகிறது.

பிழை எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று காலைதான் புதுப் பட்டி மாட்டினேன். மேல்பக்கம் 'டக்' என்று விழுந்தது. கீழ்ப்பக்கத்தை அமத்தினேன், சத்தம் வரவில்லை. உள்ளே போய்த்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். வேலைக்குப் பிந்துகிற அவசரம். இப்போது வீட்டில் கிடக்கிற பழைய பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நுனியில் சின்ன உலோகத் தட்டு, அதில் ஒரு பல். அந்தப் பல் பேண்டின் பள்ளத்தில் விழுந்தால்தான் பிடி. விழாவிட்டாலும் பார்வைக்குப் பட்டி ஒட்டித்தான் இருக்கும், கையை மடக்கினாலும் நிற்கும், ஒரு இழுவை பட்டால்தான் வழுகும். மாட்டியதும் இப்படியும் அப்படியும் அசைத்து ஒருதரம் இழுத்துப் பார்த்திருந்தால் மேசையிலேயே கழன்று விழுந்திருக்கும்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? பட்டி மாற்றினது, பூட்டினது பற்றி எதுவானாலும் எழுதுங்கள். அடுத்தது வாங்க முன்னம் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும் எனக்கு.

கடைப்பக்கம், கல்முனை:

வாசிக்கவே கவலையாக இருக்கு அண்ணா. நான் போன் சாமான் கடையில் ஐந்து வருசமாக நிற்கிறேன். எங்களிடம் கூடுதலாக வருவது பட்டி கழன்ற ஆக்கள் இல்லை. பொருந்தாத பட்டியை இணையத்தில் எடுத்து, அமத்தி ஏற்றப் பார்த்து, பேண்டின் விளிம்பையே கீறிக்கொண்டு வருகிறவர்கள்தான்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் பட்டி மாறும். சியோமி கம்பனியின் பேண்டில் 3க்கும் 4க்கும் ஒரே பட்டி போடலாம். 5க்கும் 6க்கும் வேறு, அவை இரண்டும் ஒன்று. 2023இல் வந்த 8இல் அமைப்பே மாறிவிட்டது. அதற்கு முன் குளிகை மாதிரியான உடலை ஒற்றை ரப்பர்ப் பட்டிக்குள் புதைப்பது, 8இல் இரண்டு பாதியாக இரண்டு நுனியிலும் கொழுவுவது. ஃபிட்பிட் கம்பனியின் சார்ஜ் என்ற பேண்டில் 3, 4 ஒரு சோடி, 5, 6 இன்னொரு சோடி. அதனால் பட்டி கேட்டு வரும்போது பேண்டையும் கையோடு கொண்டு வாங்கோ என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன்.

இன்னொன்று. இரண்டு பாதியில் கொக்கி உள்ள பாதி எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஃபிட்பிட் சார்ஜில் அது திரையின் மேல்பக்கத்துக்குப் போக வேண்டும். மாறிப் போட்டால் எழுத்துத் தலைகீழாக நிற்கும், பிள்ளைகள் 'பழுதாப் போச்சு' என்று கொண்டு வருவார்கள்.

மணிக்கூடு மாதிரி ஸ்ப்ரிங் பின், அதாவது அமத்தினால் சுருங்கும் சின்னக் கம்பி, வைத்ததென்றால் அந்தப் பின் கொழுவுகிற இரண்டு காதுக்கும் இடையில் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். 18, 20, 22 மில்லிமீற்றர் என்று வரும். 22க்கு 20ஐப் போட்டால் பட்டி இரண்டு பக்கமும் ஓடும், பின் வெளியே தெரியும், அது நாளைக்கே கழரும். மாற்றும்போது மேசையில் துவாய் விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். அந்தப் பின் பறந்தால் சீமெந்துத் தரையில் தேடிப் பிடிக்க ஏலாது.

அம்மாவின் மகள், ஆரையம்பதி:

எங்கட அம்மாவுக்கு 71 வயது. நீரிழிவு, விரல் மூட்டெல்லாம் விறைப்பு. கிளினிக்கில் நடக்கச் சொன்னதால் தம்பி ஒரு பேண்ட் வாங்கிக் கொடுத்தான். பட்டியில் ஒரு உலோகக் குமிழ், அதை ஓட்டைக்குள் அமத்த வேண்டும். எங்களுக்கு அது இரண்டு செக்கன் வேலை. அம்மாவுக்கு ஒண்ணாது. ஒவ்வொரு காலையும் கையை நீட்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வருவா, "இதப் பூட்டி உடு புள்ள" என்று. நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுப் போன பிறகு கழட்டினால் அன்றைக்கு முழுக்கப் பேண்ட் அலுமாரியில்தான். மறுகா எங்க நடை?

முதலில் நான் செய்த பிழை, குமிழை மணிக்கட்டை நோக்கி அமத்தச் சொல்லிக் கொடுத்தது. அப்படி அமத்தினால் பட்டி சதைக்குள் அமிழும், குமிழ் ஓட்டைக்குள் போகாது, கை நோகும். பிறகு இருந்து யோசித்து வேறு மாதிரிக் காட்டினேன். கதிரையில் இருந்து கையை மடியில் மல்லாத்தி வைக்க வேண்டும். பட்டியின் வாலை முதலில் வளையத்துக்குள்ளால் இழுத்துவிட வேண்டும், அப்போது அது நழுவாது. பிறகு சுட்டுவிரலைப் பட்டிக்குக் கீழே கொடுத்து, பெருவிரலால் மேலிருந்து நுள்ளுவது போல அமத்த வேண்டும். அமத்துகிற பாரம் விரலில்தான் நிற்கும், மணிக்கட்டில் இல்லை. இதில் பாதி நாட்கள் அம்மாவே பூட்டினா. மழை நாளில் விரல் கூட விறைத்தால் அதுவும் முடியாது.

கடைசியில் நைலோன் நெசவில் வெல்க்ரோ வைத்த பட்டிக்கு மாற்றினோம். நுனியை வளையத்துக்குள் விட்டு, பின்னால் மடித்து ஒட்டினால் முடிந்தது. ஓட்டைக் கணக்கே இல்லை, கொஞ்சம் வீங்கின நாளில் கொஞ்சம் தளர்த்தி ஒட்டலாம். இது எனக்குப் பெரிய விசயம். ஏனென்றால் அம்மாவுக்குப் பின்னேரமானால் கை வீங்கும், சிலிக்கோன் பட்டியில் ஒரு ஓட்டை இறுக்கம், அடுத்த ஓட்டை தளர்வு, நடுவில் ஒன்றும் இல்லை. வயதான ஆக்களுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் திரையின் அளவைப் பார்க்கிறார்கள், பூட்டை ஆரும் பார்க்கிறதில்லை. முதலில் பூட்டைப் பாருங்கள்.

உகந்தை வழி, திருக்கோவில்:

எனக்குக் கழரவில்லை, கடித்தது. கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தையில் காட்டுவழி திறந்ததும் குமண, யால காட்டுக்குள்ளால் நடந்தோம். எத்தனை அடி நடக்கிறேன் என்று அறிகிற ஆசையில் நாலு நாளும் பேண்டைக் கழட்டவே இல்லை. வியர்வை, புழுதி, இரவில் நுளம்புக் களிம்பு, எல்லாம் பட்டிக்குள்ளே தேங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் சொறிந்தது. நாலாம் நாள் கழட்டினால் பட்டியின் அச்சு அப்படியே சிவந்து, ஓரத்தில் பொடிக் கொப்புளம். எங்களோடு வந்த ஒரு அம்மா ஆற்றுத் தண்ணியில் கழுவி, ஈரம் ஒத்தி, "காத்துப் பட உடு மனே" என்றா. வீட்டுக்கு வந்து வைத்தியரிடம் காட்டியபோது அவரும் அதையேதான் சொன்னார்: காயட்டும், ஆறும்வரை போடாதே, பிறகு மற்றக் கையில் போடு.

இது சின்ன விசயமில்லை. 2014 மார்ச்சில் ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற பேண்டை அமெரிக்காவில் பத்து இலட்சம் அளவில் திருப்பி எடுத்தார்கள், தோல் ஒவ்வாமை வந்ததால். எனக்கு வந்தது ஒவ்வாமை இல்லை, ஊத்தையும் ஈரமும். இப்போது தினமும் ஒரு மணித்தியாலமாவது கழட்டி வைக்கிறேன். சிலிக்கோன் பட்டியை வெறும் தண்ணியில் கழுவி நன்றாகத் துடைத்துத்தான் போடுவேன். கைகழுவும் சவர்க்காரம் பட்டிக்கு அடியில் தங்கினாலும் சொறியும். நுளம்புக் களிம்பில் டீட் என்ற நுளம்பு விரட்டும் மருந்து இருந்தால் அது தோல் பட்டியையும் சில பிளாஸ்டிக்கையும் அரிக்கும், ஆகவே பட்டி படுகிற இடத்தை விட்டுப் பூசுங்கள். டெங்குக் காலத்தில் பூசாமலும் இருக்க முடியாது.

வயல்காரன், சம்மாந்துறை:

நெஞ்சு துடிப்புக் கணக்குப் பிழை என்று நான் மூன்று மாதம் பேண்டைக் குறை சொன்னேன். கைமெசினில் வயல் உழும்போது துடிப்பு 160 காட்டும், அடிக்கணக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, வாப்பாவும் இதய வருத்தத்தில் மௌத்தானவர். பிறகுதான் மச்சான் ஒருவர் விளங்கப்படுத்தினார். பின்பக்கம் எரிகிற பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய்த் திரும்புகிறது. இரத்தம் கூடி வரும்போது வெளிச்சம் குறைவாகத் திரும்பும், அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. பட்டி தளர்ந்து பேண்ட் ஆடினால், வெளியில் இருந்து வெளிச்சம் புகுந்தால், மெசினின் அதிர்வையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

நான் மணிக்கட்டு எலும்பின் மேலேயே தளர்வாகக் கட்டியிருந்தேன். இப்போது சும்மா இருக்கும்போது எலும்புக்கு ஒரு விரல் மேலே. வேலைக்கு இறங்கினால் இரண்டு மூன்று விரல் மேலே தள்ளி ஒரு ஓட்டை இறுக்குகிறேன், முடிந்ததும் தளர்த்துகிறேன். அடிக்கணக்கு மெசின் பிடித்தால் இப்பவும் கூடத்தான் காட்டுது, அதை நான் பார்ப்பதில்லை. துடிப்பு நம்பும்படி வருகிறது. பயமும் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அலைப்பக்கம், பொத்துவில்:

கடலில் இறங்குகிற ஆக்களுக்கு ஒன்று மட்டும். அறுகம்பையில் அலை உங்களைப் புரட்டும்போது ஒரு பின் போதும் கழர. ஒரே துண்டாக இரண்டு பின்னுக்கும் அடியால் ஓடுகிற நைலோன் பட்டி போடுங்கள். ஒரு பின் உடைந்தாலும் மற்றதில் தொங்கும். வெளியே வந்ததும் நல்ல தண்ணியில் அலசுங்கள். உப்பு பின்னைத் தின்றுவிடும்.

வாவிக்கரை, கல்லடி:

எல்லாருக்கும் நன்றி. பாலத்துக்குத் திரும்பப் போகவே மனம் வரவில்லை, உங்கள் எழுத்தை வாசித்த பிறகு நேற்றுப் போனேன். ஸ்ப்ரிங் பின் வைத்த ஒன்றை, ஒரே துண்டுப் பட்டியோடு எடுக்க முடிவு செய்திருக்கிறேன். அக்காவிடம் நேற்றிரவு நடந்ததைச் சொன்னேன். "சாமான்தானே தம்பி, நடையை விட்டுடாத" என்றா.

ஆரையம்பதித் தங்கச்சி, அப்பாவுக்கும் ஒன்று வாங்க யோசிக்கிறேன். அவருக்கும் விரல் நடுக்கம் இருக்கு. அந்த வெல்க்ரோப் பட்டி என்ன அகலம்?

அம்மாவின் மகள், ஆரையம்பதி:

அம்மாவின்டது 20 மில்லிமீற்றர் அண்ணா, ஆனால் அப்பாவின் பேண்டை அளந்துபோட்டு வாங்குங்கோ. நீளத்தையும் பாருங்கோ. நான் முதல் வாங்கினது அம்மாவின் மெல்லிய கைக்கு நீளம் கூட. வெல்க்ரோ நுனி மிஞ்சி நின்று சேலைத் தலைப்பில் ஒட்டி நூல் இழுத்தது. சின்ன அளவுக்கு மாற்றிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. அப்பாவைத் தானே இரண்டு மூன்று தரம் பூட்டிக் கழட்டச் சொல்லிப் பாருங்கோ, கடையிலேயே.