அட்டவணையின் அடிவரிசையில் மானுவல் ஆரோன்

மானுவல் ஆரோனோடு நேரில் ஆடியவர்கள், பேசியவர்கள் பலர் இருப்பார்கள். எனக்கு அவர் அறிமுகமானதோ, கல்லூரி நாட்களில் நூலகத்தில் கிடைத்த பழைய சதுரங்கப் புத்தகமொன்றில், 1962ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் (உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்று) போட்டி அட்டவணையின் அடிவரிசையில்தான். முதலிடத்தில் பாபி ஃபிஷர். 23 பேரில் கடைசியாக நம் நாட்டுக்காரர். கூச்சத்தோடு பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

என்னைவிட நன்றாக ஆடும் நண்பரிடம் அதைச் சொன்னபோது, அவர் புத்தகத்தை வாங்கி, அந்த வரிசையில் போர்டிஷுக்கும் உல்மனுக்கும் உரிய கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் 1, அதாவது வெற்றி, என்று இருந்தது. உல்மன் கிழக்கு ஜெர்மனியின் கிராண்ட்மாஸ்டர். ஹங்கேரியின் லாயோஸ் போர்டிஷ், பின்னாளில் உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் சுற்றை எத்தனையோ முறை எட்டியவர். ஸ்டாக்ஹோமுக்கு இரண்டாண்டுகள் முன்பே, லைப்சிக் சதுரங்க ஒலிம்பியாடில், முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயையும் ஆரோன் வென்றிருந்தார்.

அந்த வெற்றிகளின் எடை எனக்கு வேறொரு வழியாகவும் விளங்கியது. தாத்தா திண்ணையில் எனக்குக் கற்றுத்தந்தது நாட்டுமுறைச் சதுரங்கம்: சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும், ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் கோட்டை கட்டுதல் கிடையாது, ராஜா மட்டும் ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். அந்தப் பழக்கத்தை விடமுடியாமல் கல்லூரியில் இரண்டாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தேன். நாட்டில் பலரும் இந்த முறையிலேயே ஆடிவந்த காலத்தில், சர்வதேச முறையின் திறப்பாட்டங்களைக் கற்று, 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த நிலைப் பட்டம்) ஆனவர் ஆரோன். அடுத்தவராக வி. ரவிக்குமார் வருவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒன்பது தேசியப் பட்டங்களைக் காட்டிலும், 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்க அவர் பாடுபட்டதையே நான் பெரிதாக நினைக்கிறேன். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய இடமல்லவா அது! ஆனந்தைத் தெரிந்த என் அலுவலகத் தோழர்களில் பாதிப் பேருக்கு ஆரோன் யாரென்று தெரியவில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

போர்டிஷுடனான அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்த இரவில், ஒவ்வொரு நகர்வுக்கும் முன் புத்தகத்தை மூடிக்கொண்டு நானாக ஊகித்துப் பார்த்தேன். பெரும்பாலும் தவறாகவே ஊகித்தேன்.