காட்டுக்குள் போகக் கொடுக்கும் காசு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோயமுத்தூரிலிருந்து:

வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுக்கு அடிவாரத்துச் சோதனை தெரிந்திருக்கும். வனத்துறைக்காரர்கள் பையைத் திறக்கச் சொல்லி, பிஸ்கட்டோ முறுக்கோ, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்குவார்கள், இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் காசு திரும்பக் கிடைக்கும். எங்கள் மச்சான் "சாமி கும்பிடப் போறவங்ககிட்டயும் காசுங்களா?" என்று வரிசையில் நின்றபடியே சத்தம் போட்டார். அதே மச்சான் ஏழு மலையும் ஏறி, முட்டிவலியோடு இறங்கும்போது அந்தக் காலி பாட்டிலைக் கையை விட்டு விடவேயில்லை, போதாததற்குப் புதரோரம் ஸ்டிக்கரோடு கிடந்த இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். எத்தனையோ அறிவிப்புப் பலகை செய்யாததை அந்த 20 ரூபாய் செய்தது.

நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது என்று ஆரம்பித்தார்களே, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அதுவும் இதே வழிதான். உடைந்த பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் எடுத்துவிட ஆள் கிடையாது. அத்தனை எடையும் அந்தக் காலில்தான் இறங்கும், புண் சீழ் பிடித்து, தண்ணீருக்குக்கூட நடக்க முடியாமல் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டும் 10 ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரசீது வேண்டும். ஒரு மலைப்பாதைச் சோதனைச்சாவடியில் (எந்த இடம் என்று சொல்லவில்லை) வண்டிக்கும் ஆளுக்குமாகக் காசு வாங்கிவிட்டுத் துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை, கேட்டதற்கு "போங்க சார், பின்னாடி வண்டி நிக்குது" என்றார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கும் டாப்சிலிப் பக்கம் அப்படியில்லை, டிக்கெட் கையில் வந்துவிடும். 2006-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோதே ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் தனி அறக்கட்டளை இருக்க வேண்டும், பார்வையாளர்கள் கட்டும் காசு அங்கேயே செலவாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. அந்தச் செலவுக் கணக்கை நுழைவாயிலில் நாலு வரி எழுதி மாட்டினால் என்னங்க? வேட்டைத் தடுப்புக் காவலர் கூலி இவ்வளவு, தீத்தடுப்புக் கோடு வெட்ட இவ்வளவு என்று இருந்தால் யாரும் முணுமுணுக்கப் போவதில்லை.

காரமடையிலிருந்து:

பரளிக்காடு போய்ப் பாருங்கள். பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்து ஓரம் வனத்துறை நடத்தும் பரிசல் சுற்றுலா, வார இறுதியில் மட்டும்தான், முன்பதிவும் செய்திருக்க வேண்டும். தலைக்கு வாங்கும் காசு கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். பரிசல் ஓட்டிய தம்பி அங்கேயே பிறந்து வளர்ந்த இருளர் பையன். துடுப்பை நிறுத்திவிட்டு எதிர்க்கரையைக் காட்டி, "வெயில் தாழ்ந்தா அங்கதானுங்க யானை தண்ணிக்கு எறங்கும், சத்தம் போடாதீங்க" என்றான். பாட்டுப்பெட்டியோடு வந்திருந்த ஒரு கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. மதியச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்தது, களியும் குழம்பும். பரிமாறிய அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்னெல்லாம் கூலிக்குக் கீழே இறங்கி வரவேண்டியிருந்ததாம், இப்போது சனி, ஞாயிறு இங்கேயே வேலை இருப்பதால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது குறைந்திருக்கிறது என்றார். அப்புறம் அவரே, "காடு நல்லா இருந்தாத்தானுங்க நீங்க வருவீங்க" என்றார். அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் கூட்டம் கேட்கிறது, காக்கிச்சட்டை சொல்லும்போது அவ்வளவு கேட்பதில்லை. அதனால் காசு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பொள்ளாச்சியிலிருந்து, மறுபடியும்:

சரிங்க, ஒப்புக்கொள்கிறேன். பரளிக்காட்டில் ரசீது கொடுத்தார்களா?

காரமடையிலிருந்து:

கொடுத்தார்கள். பேர் எழுதி, தலைக்கு எவ்வளவு என்று போட்டு.