ஃபோர்க் டிராவலை மாற்றும்போது எங்கே தவறுகிறது: அனுபவப் பகிர்வு

மலை சைக்கிளின் ஏர் ஃபோர்க்கை (காற்றழுத்தத்தில் இயங்கும் முன் சஸ்பென்ஷன்) பிரித்து டிராவலை, அதாவது அது அமுங்கும் தூரத்தை, கூட்டியவர்களும் குறைத்தவர்களும், எந்த இடத்தில் வேலை கெடுகிறது என்பதை எழுதுங்கள். தொடக்கம் என்னுடையது.

முதல் குழப்பம் ‘ஸ்பேசர்’ என்ற சொல்லில். மேல் மூடிக்கு அடியில் திருகிச் சேர்க்கும் டோக்கனையும் ஸ்பேசர் என்கிறார்கள். அது காற்றறையின் கொள்ளளவைக் குறைத்து, அமுக்கத்தின் கடைசிப் பகுதியை இறுக்கமாக்கும். அவ்வளவுதான், டிராவல் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. டிராவல் ஸ்பேசர் இருப்பது வேறிடம்: ஏர் ஷாஃப்டில் (காற்றறைக்குள் பிஸ்டனைத் தாங்கும் தண்டு), பிஸ்டனுக்கும் காற்றறையின் அடியை அடைக்கும் சீல் ஹெட்டுக்கும் நடுவே. அது பிஸ்டனை முழுதாகக் கீழே இறங்க விடாது. அதனால் ஸ்பேசரைச் சேர்த்தால் டிராவல் குறையும், எடுத்தால் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு பிரிப்பவர்கள் ஏராளம்.

எல்லா ஃபோர்க்கிலும் ஸ்பேசர் இருக்காது. டூயல் ஏர் (மேலும் கீழும் தனித்தனி வால்வு உள்ள பழைய காற்று அமைப்பு) காலத்து ராக்‌ஷாக்ஸ் ரீபாவில் 20 மி.மீ. ஸ்பேசர்கள், மானிட்டூ மேட்டாக்கில் 10 மி.மீ. துண்டுகள். டெபோனேர் என்ற காற்று அமைப்பு வந்த பிறகான ராக்‌ஷாக்ஸ் லிரிக் போன்றவற்றில் வேண்டிய நீளமுள்ள ஏர் ஷாஃப்டையே வாங்கி மாற்ற வேண்டும். உங்கள் மாடலும் ஆண்டும் தெரியாமல் உதிரி வாங்காதீர்கள். காயில் ஃபோர்க்கின் தலையில் உள்ள பிரீலோடு திருகைச் சுற்றினால் டிராவல் மாறும் என்ற நம்பிக்கையும் தவறு. ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கம்தான் மாறும்.

* * *

பிரிக்கிற வேலையில் ஆபத்தான கட்டம் ஒன்றுதான்: காற்று.

வால்வை அழுத்தி ‘உஸ்’ சத்தம் நின்றதும் காலி என்று நினைத்துவிடக் கூடாது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள எதிர்க் காற்றறையில் மிச்சம் இருக்கும். ஃபோர்க்கை நாலைந்து முறை மெதுவாக அமுக்கி இழுத்து, மறுபடி வால்வை அழுத்துங்கள். டூயல் ஏர் என்றால் கீழேயும் ஒரு வால்வு உண்டு, அதையும் காலி செய்ய வேண்டும். காற்று மிச்சமிருக்கும்போது சர்க்ளிப்பை (சீல் ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் வளையம்) கழற்றினால் சீல் ஹெட்டும் ஷாஃப்டும் சேர்ந்து முகத்தை நோக்கிப் பாயும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஃபோர்க் காலின் அடியில் உள்ள கீழ் போல்ட். அதை முழுதாகக் கழற்றிவிட்டு ஷாஃப்டை நேராகத் தட்டுகிறவர்கள் மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட்டின் தலையை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தலை உள்ளே போய் உட்கார்ந்தால் ஷாஃப்ட் விடுபட்டது என்று பொருள். அதன் பிறகு முழுதாகக் கழற்றலாம். டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் பகுதி) உள்ள காலில், ஃபோர்க் திரும்பி நீளும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழை முதலில் உருவிவிட வேண்டும். அடியில் பாத்திரம் வையுங்கள், பழைய எண்ணெய் கொட்டும்.

சர்க்ளிப்பை எடுக்கும்போது சீல் ஹெட்டை விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்தால் இடுக்கி எளிதாகக் கவ்வும். இடுக்கியின் முனை ஷாஃப்டிலோ குழாயின் உட்சுவரிலோ உரசக் கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் போதும், காற்று நாள்தோறும் கசியும். திரும்பப் போடும்போது சர்க்ளிப்பின் கூரான விளிம்பு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். போட்ட பிறகு வளையத்தைச் சுற்றிப் பார்த்து, ஷாஃப்டைப் பலமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சரியாக உட்காராத வளையம் அப்போதே தெரிந்துவிடும்.

* * *

மாட்டுவது பற்றி. லோயர் கால்களை (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) பாதி ஏற்றி, ஃபோர்க்கைச் சாய்த்து, போல்ட் துளை வழியாக ஊசிக்குழலால் எண்ணெய் விடுங்கள். ஊசி ஷாஃப்டின் துளைக்குள் போகாமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்க வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் வேறு: ஒரு காலுக்கு 5 மி.லி. கேட்பதும் உண்டு, 30 மி.லி.க்கு மேல் கேட்பதும் உண்டு. கூடுதலாக ஊற்றினால் நல்லது என்பது தவறு. லோயருக்குள் காற்று இருக்கும் இடம் குறைந்து, கடைசி 10–15 மி.மீ. கிடைக்காமல் போகும்.

கீழ் போல்ட்டின் நசுங்கு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். இறுக்கம் ராக்‌ஷாக்ஸில் சுமார் 7 நியூட்டன் மீட்டர், ஃபாக்ஸில் சுமார் 5.7. இவை சிறிய எண்கள். மக்னீசிய வார்ப்பில் கை வலிமையைக் காட்ட வேண்டாம், டார்க் ரெஞ்சு கட்டாயம்.

* * *

“ஷாஃப்டை மாற்றினேன், ஆனால் 20 மி.மீ. கூடவில்லை” என்று வருபவர்களுக்கு. முதலில் அளந்து பாருங்கள். காற்றைக் காலி செய்து ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, மேல் குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை, லோயரின் மேல் விளிம்பில் உள்ள தூசி சீலோடு ஒட்டித் தள்ளுங்கள். காற்றடித்த பிறகு வளையத்துக்கும் சீலுக்கும் இடையே உள்ள தூரம்தான் உண்மையான டிராவல். கண்ணுக்குத் தெரியும் குழாயின் மொத்த நீளம் அல்ல.

குறைகிறதென்றால் பெரும்பாலும் எதிர்க் காற்றறைதான் காரணம். இரு அறைகளும் காற்றைப் பகிரும் சின்னப் பள்ளத்தில் கிரீஸ் அடைத்திருந்தால் அங்கே அழுத்தம் சிக்கிக்கொண்டு ஃபோர்க்கைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கிரீஸை சீல்களில் மெல்லப் பூசினால் போதும், அப்பக் கூடாது. காற்றையும் ஒரே மூச்சில் ஏற்றாமல், 50 பி.எஸ்.ஐ. வரை அடித்து, பத்து முறை மெதுவாக அமுக்கி விட்டு, பிறகு மிச்சத்தை அடியுங்கள்.

கடைசிப் பகுதி மட்டும் கிடைக்கவில்லையென்றால், எண்ணெய் அளவு சரியா என்று பார்த்த பிறகு, மாட்டும்போது லோயருக்குள் சிக்கிய காற்றைச் சந்தேகப்படுங்கள். ஃபோர்க்கை முழுதாக நீட்டி வைத்து, மெல்லிய மழுங்கிய நெகிழி நாடாவைத் தூசி சீலுக்கு அடியில் நுழைத்தால் வெளியேறிவிடும்.

* * *

எல்லாரும் ஃபோர்க்கைப் பற்றியே பேசுகிறோம், மாறுவது சைக்கிள் முழுவதும். முழு அமுக்கத்தில் சக்கரம் நிற்கும் இடம் ஏறக்குறைய அதேதான். கூடுவது ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது உள்ள நீளம். 20 மி.மீ. கூட்டினால், வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 1200 மி.மீ. அளவில் உள்ள சைக்கிளில் தலைக் கோணமும் இருக்கைக் கோணமும் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாயும், பெடல் அச்சு 6–7 மி.மீ. உயரும், ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை வரையுள்ள கிடைத் தூரம்) 9 மி.மீ. அளவில் சுருங்கும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் அலைவது இதனால்தான். இருக்கையை முன்னே தள்ளினால் ஓரளவு சரியாகும். குறைத்தால் எல்லாமே எதிர்த்திசை: திருப்பம் கூர்மையாகும், பெடல் கல்லில் தட்டும். பிரேம் தயாரிப்பாளர் குறித்த உச்ச டிராவலைத் தாண்டாதீர்கள். நீண்ட ஃபோர்க், அது பொருந்தும் பிரேமின் ஹெட் டியூபில் தரும் நெம்பு விசை கூடுதல், வாரண்டியும் போகும்.

* * *

ஒன்று விட்டுப்போனது. டிராவலைக் கூட்டினால் காற்று அமுங்கும் விகிதமும் கூடும், ஸ்பேசரை எடுத்தாலும் ஷாஃப்டை நீட்டினாலும். அதனால் கடைசிப் பகுதி முன்னைவிட முரடாகத் தோன்றினால் டோக்கன் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஸாகையும் (ஓட்டுபவரின் எடையால் ஃபோர்க் அமுங்கி நிற்கும் அளவு) புதிதாக அமைக்க வேண்டும்: 20 சதவீதம் என்றால் 100 மி.மீ.க்கு 20, 120 மி.மீ.க்கு 24. பழைய அழுத்தத்தை அப்படியே அடித்துவிட்டு ஃபோர்க் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.